ரஃப் நோட்டு: புது பெல்லுக்கு வயசு ஐம்பது!



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலை ஏழு மணிக்கு போன். லீவு நாள்ல அந்த நேரத்துக்கு போன் பண்றவங்களை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க! எடுத்தா, வேங்கிக்கால்ல இருக்கிற சித்தப்பா பையன். பி.எஸ்சி. செகண்ட் இயர்.

"அண்ணே, ஒரு டவுட். புது இரும்பைப் பழசாக்கணும். எப்படிண்ணே?"

"கொல்லையில போட்டுட்டு அம்பது வருஷம் வெயிட் பண்ணுடா"ன்னு சொல்லிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய தப்புன்னு பத்து நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

விஷயம் இதுதான். எங்க தாத்தாகிட்ட ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள் இருக்கு. 1974-ல திருவண்ணாமலையில வாங்கினது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸோட அம்பத்தூர் தயாரிப்பு. கறுப்பு கலர், கம்பி பிரேக், முழு செயின் கவர். அதுல மல்லாட்டை மூட்டை ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனவர் தாத்தா. டிவிஎஸ் வண்டி வந்ததும் ஹெர்குலிஸ் கொல்லைப்புறத்துக்கு ரிட்டையர் ஆகிடுச்சு.

அதை மறுபடியும் ஓட்டணும்னு நம்ம ஆளு கிளம்பிட்டான். நல்ல விஷயம்தானே! பெல் இல்லை, கேரியர் உடைஞ்சிருக்கு, மட்கார்டு கம்பி ஒண்ணு காணோம், செயின் இத்துப் போச்சு. எல்லாத்தையும் புதுசா வாங்கி மாட்டினான். மாட்டிட்டு நாலடி தள்ளி நின்னு பார்த்தா... எழுபத்தெட்டு வயசு தாத்தாவுக்கு கூலிங் கிளாஸ் போட்டு, ஜிகினா சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்ததாம். அதனாலதான் அந்த ஏழு மணி போன்!

பழசு மேல அப்படி என்ன மோகம்?

சிரிக்காதீங்க. இப்ப நீங்க போட்டிருக்கிற ஜீன்ஸைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. முட்டியில வெளுத்து, தொடையில சாயம் போயி... அது நீங்க முட்டி போட்டுத் தேய்ச்சதா? ஃபேக்டரியிலேயே யாரோ தேய்ச்சு அனுப்பினது! கிதார் வாசிக்கிற பசங்களைக் கேளுங்க. அமெரிக்காவோட ஃபெண்டர் கம்பெனி 1995-லயே 'ரெலிக்'னு ஒரு வரிசையை இறக்கிடுச்சு. புத்தம் புது கிதார்ல பெயின்ட்டை உரிச்சு, இரும்புப் பாகங்களை மங்க வச்சு, கூடுதல் விலைக்கு வித்தாங்க. சினிமா செட்ல புதுச் சுவரும் புதுத் தகரமும் ஒரே ராத்திரியில கிழடாகுதே, அதுவும் இந்த வித்தைதான்.

ஆனா, இந்த மோகத்துக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கிறாங்க. ஜீன்ஸை வெளுக்க வைக்க மணலை வேகமா அடிச்சுத் தேய்க்கிற முறை ஒண்ணு. துருக்கியில அந்த வேலை செஞ்ச இளைஞர்களோட நுரையீரல்ல மணல் தூசி புகுந்து, சிலிகோசிஸ் நோய் வந்து பலர் செத்துப் போனாங்க. 2009-ல அந்த நாடு அந்த முறையையே தடை செஞ்சது. நம்ம முட்டியில ஒரு வெள்ளைத் திட்டு வர்றதுக்காக ஒருத்தரோட மூச்சு போகணுமா?

வேங்கிக்கால்ல மூச்சு போகலை. முழங்கைதான் போச்சு!

ஆசிட் வாளியும் அறுந்த செயினும்

நான் தூங்கிட்டேன் இல்லையா? தம்பி சொந்தமா ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்கான். பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு பாட்டில். ஒரு பழைய பெயின்ட் வாளி. பெல், நட்டு, போல்ட்டு, மட்கார்டு கம்பி, ஏன், புது செயினைக்கூட உள்ளே போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சுட்டான். என்னமோ புளி ஊற வைக்கிற மாதிரி!

காலையில பார்த்தா, பித்தளை பெல் திட்டுத் திட்டா செம்பு கலர். பித்தளையில இருக்கிற துத்தநாகத்தை ஆசிட் தின்னுட்டா, செம்பு மட்டும் இளிக்கும். செயின் மட்டும் அவன் நினைச்ச மாதிரியே சாம்பல் கலர்ல 'சூப்பரா' வந்திருந்தது. கழுவி, எண்ணெய் விட்டு, மாட்டி, கெத்தா காலேஜுக்குக் கிளம்பிட்டான்.

நாலாவது நாள். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் தாண்டி, வேலூர் ரோடு. பின்னாடி பஸ் ஹாரன். சீட்டை விட்டு எழுந்து, பெடல் மேல ஏறி நின்னு ஒரு மிதி மிதிச்சிருக்கான். 'டக்'! செயின் அறுந்து, பெடல் சும்மா சுத்தி, ஆள் குப்புற ரோட்டுல. பஸ் டிரைவர் பிரேக் அடிச்ச சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்கிறான். முழங்கையில நாலு தையல். அவ்வளவோட போச்சு.

சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா, கடையில பாய் செயினைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஆசிட்ல போட்டியா தம்பி?"

பாய்க்கு அனுபவம். புத்தகத்துலயும் இதுக்கு ஒரு பேர் இருக்கு: ஹைட்ரஜன் நொறுங்கல். இரும்பு மேல ஆசிட் பட்டா ஹைட்ரஜன் வரும்னு பத்தாவதுலயே படிச்சோம். குமிழி குமிழியா வெளியே போறது ஒரு பங்கு. இன்னொரு பங்கு அணு அணுவா இரும்புக்குள்ளேயே புகுந்து உக்காந்துக்கும். சாதா இரும்பு ஓரளவு தாங்கிக்கும். ஆனா செயின், ஸ்பிரிங் மாதிரி சூடேத்தி உரமேத்தின எஃகு தாங்காது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். மணிக்கணக்கு, நாள்கணக்கு கழிச்சு, பாரம் ஏறும்போது பட்டுனு விட்டுடும். டபிள்யூ.எச். ஜான்சன்கிறவர் 1875-லயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பத்திக் கட்டுரை எழுதிட்டார். நம்மாளுக்குத்தான் நூத்தம்பது வருஷம் லேட்டா தெரிஞ்சது!

தொடாதே... தொடாதே!

மறுநாளே பஸ் ஏறி வேங்கிக்கால் போயிட்டேன். குற்ற உணர்ச்சிதான். கட்டுப் போட்ட கையோட தம்பி, கையில நோட்டோட நான், ஸ்டூல்ல பாய். முதல்ல எழுதினது, எதைத் தொடவே கூடாதுங்கிற லிஸ்ட்:

செயின், போக்ஸ் கம்பி, ரெண்டு சக்கரத்தோட அச்சும் அதோட நட்டும், பிரேக் கம்பி, பிரேக் ஸ்பிரிங், ஃபோர்க், ஹேண்டில் பாரைப் பிடிச்சு நிக்கிற போல்ட், பெடல் கட்டைக்குப் போடுற காட்டர் பின், பால்ரஸ். சுருக்கமா, எது உடைஞ்சா நீங்க கீழே விழுவீங்களோ, அது புதுசாவே மின்னட்டும். 'பழைய லுக்' வேணுமா? மேல கொஞ்சம் எண்ணெயும் கிரீஸும் தடவுங்க. ரோட்டுத் தூசி ஒட்டி ஒரே மாசத்துல தானா மங்கிடும்.

தொடலாம்னு விட்டது: பெல் மூடி, கேரியர், மட்கார்டு கம்பி, அதோட சின்ன நட்டு போல்ட், செயின் கவர், லைட் மாட்டுற பட்டை. இதுல எது போனாலும் சத்தம் வரும், உசுரு போகாது.

சமையலறையே லேப்!

ஆசிட் பாட்டிலுக்கு டாட்டா சொல்லிட்டு, சித்தி சமையல் ரூமுக்குள்ள நுழைஞ்சோம். (சித்தி முறைச்சதைப் பத்தித் தனியா ஒரு ரஃப் நோட்டு எழுதலாம்!)

முதல்ல துத்தநாக முலாம் பூசின சாமான். வெள்ளையா, லேசா நீலம் கலந்து மின்னுற நட்டு, கம்பி எல்லாம் இந்த ஜாதி. துருப் பிடிக்காம இருக்கத்தான் அந்த முலாம். அதை எடுத்தாத்தான் இரும்பு வெளியே வரும். சமையல் வினிகர்ல முக்கி வச்சா குமிழி விட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்துல சில சாமான் ரெடி, சிலதுக்கு ராத்திரி முழுக்க ஆகும். குமிழி நின்னு, சாம்பல் கலர் வந்தா எடுத்துடலாம். வெளிவர்றது ஹைட்ரஜன். அதனால திறந்த வெளியில வைங்க, மூடி போடாதீங்க, பக்கத்துல அடுப்பு வேண்டாம்.

அடுத்து, உப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு மாடியில காய விடுங்க. காய்ஞ்சா மறுபடியும் நனைங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரஞ்சு கலர்ல துரு பூக்கும். உப்பு இல்லாமலும் துரு வரும், உப்பு இருந்தா அவசரமா வரும். கடலோரத்துல சைக்கிள் சீக்கிரம் இத்துப் போறது அதனாலதான்.

இங்கேதான் பல பேர் நிறுத்திடுறாங்க. தப்பு! பச்சை ஆரஞ்சுத் துருவைப் பார்த்தா நேத்து மழையில நனைஞ்ச சாமான் மாதிரிதான் இருக்கும். அம்பது வருஷத் துரு கறுத்துப் போயி, தேக்கு நிறத்துல இருக்கும். அதுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு, துருப் பிடிச்ச சாமானைக் கொதிக்கிற தண்ணியில இருபது நிமிஷம் போடுறது. சிவப்புத் துரு மேக்னடைட்ங்கிற கறுப்பு ஆக்சைடா மாறும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் துப்பாக்கிக் குழலுக்குக் கறுப்பு ஏத்தினது இப்படித்தான்: துருப் பிடிக்க விடு, கொதிக்க வை, தேய், மறுபடியும் துருப் பிடிக்க விடு.

ரெண்டு, நம்ம ஊரு வழி. நாட்டு மருந்துக் கடையில கடுக்காய் வாங்கி, கொட்டை நீக்கி இடிச்சு, கெட்டியா கஷாயம் வைங்க. ஆற வச்சு, பிரஷ்ஷால துரு மேல பூசுங்க. கண்ணு முன்னாடியே நீலம் கலந்த கறுப்பா மாறும். கடுக்காய்ல இருக்கிற டானின் இரும்போட சேர்றதால வர்ற கலர் இது. காளஹஸ்தி கலம்காரித் துணியில கறுப்புக் கோடு வர்றதும் இதே கெமிஸ்ட்ரிதான். துணியைக் கடுக்காய்ல ஊற வைப்பாங்க. பழைய இரும்பை வெல்லத் தண்ணியில புளிக்க வச்சு எடுத்த சாறுல கோடு போடுவாங்க. ரெண்டும் தொட்ட இடம் கறுக்கும். கடுக்காய் இல்லைன்னா ஸ்ட்ராங் டீ டிகாஷனும் ஓரளவு வேலை செய்யும்.

பித்தளை பெல்லுக்கு? முட்டை! நிஜமாத்தாங்க. புது பெல் மேல லேக்கர் பூச்சு இருந்தா முதல்ல தின்னர் வச்சு துடைச்சுடுங்க. முட்டையை நல்லா வேக வச்சு, சூடு இருக்கும்போதே மஞ்சக்கருவோட நசுக்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல ஒரு ஓரமா வைங்க. பெல் மூடியை முட்டை மேல படாம இன்னொரு ஓரத்துல வைங்க. முட்டையில இருந்து வர்ற கந்தக வாயு பட்டு, பித்தளை மெதுவா தேன் கலர், அப்புறம் காப்பி கலர்னு இறங்கும். வேண்டிய கலர் வந்ததும் எடுத்துக் கழுவிடுங்க. பச்சை படிஞ்சாத்தான் புடிக்கும்கிறவங்க, டப்பாவுல முட்டைக்குப் பதிலா வினிகர் நனைச்ச பஞ்சு வச்சு, பெல் மேல உப்பு தூவி ஒரு நாள் விட்டா போதும்.

குரோமியம் முலாம் பூசி, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்குதே, அதை மட்டும் ஆசிட்லயோ கரன்ட் வச்சோ உரிக்காதீங்க. அப்ப வெளிய வரக்கூடிய ஒரு வகை குரோமியம், புற்றுநோய் தர்ற விஷம். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணி விட்டு லேசா ஓட்டுங்க. பளபளப்பு அடங்கும், அது போதும்.

கடைசியா, வினிகர்ல போட்ட எல்லாத்தையும் ஆப்ப சோடா கலந்த தண்ணியில அலசி, வெயில்ல நல்லா காய வச்சு, மெஷின் ஆயிலோ தேன் மெழுகோ தேய்ச்சிடுங்க. இல்லைன்னா துரு நீங்க சொன்ன இடத்துல நிக்காது, சாமானையே தின்னுட்டுத்தான் நிக்கும். கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம். ஆசிட், வினிகர் எதையும் பிளீச்சிங் பவுடரோட கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். துத்தநாகம் கரைஞ்ச தண்ணியைக் கிணத்துப் பக்கமோ ஏரிப் பக்கமோ கொட்டாதீங்க.

தாத்தா போட்ட மேப்

எல்லாம் முடிஞ்சு, பெருமையா திண்ணையில பரப்பி வச்சோம். கேரியர்ல பெயின்ட்டை அங்கங்கே உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, கடுக்காய்க் கறுப்பு ஏத்தி... சும்மா சொல்லக் கூடாது, பக்காவா இருந்தது. தாத்தா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தார்.

"இன்னாடா இது? துருப் பிடிக்கக் கூடாதுன்னு நான் முப்பது வருஷம் தேங்கா எண்ணெயும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்ச்சேன். நீங்க காசு குடுத்து வாங்கினதுல துருவ ஏத்தி வச்சிக்கிறீங்க!"

எங்க ரெண்டு பேருக்கும் முகத்துல ஈயாடலை. மழையில நனைஞ்சு வந்தா, தான் தலை துவட்டுறதுக்கு முன்னாடி சைக்கிளைத் துவட்டின மனுஷன் அவர். மெக்கானிக் கூலி மிச்சம் பண்ண, வீல் பெண்டை அவரே எடுப்பாராம். துரு அவருக்கு ஸ்டைல் இல்லை, செலவு. அது எங்களுக்கு அப்பதான் உறைச்சது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேரியரைக் கையில எடுத்தார். "இங்க ஏன் தேய்ச்சிக்கிறீங்க? இங்க எதுவும் படாதே. மூட்டை உக்கார்றது இந்த ரெண்டு கம்பி மேல. கயிறு மாட்டுறது இந்தக் கொக்கியில. தேயறதுன்னா இங்கதான் தேயும்" அப்படின்னு விரல் வச்சுக் காட்டினார்.

அப்புறம் எழுந்து சைக்கிள்கிட்டயே போயிட்டார். ஹேண்டில் பார்ல வலது பக்கம் முலாம் போயி வரி வரியா இருந்தது, டிபன் பை மாட்டின இடம். நடு பார்ல ஒரு சாண் அகலத்துக்கு பெயின்ட்டே இல்லை, "உங்க அப்பன் உக்காந்த எடம்"னு என்னைப் பார்த்துச் சொன்னார். ஹேண்டில் நடுவுல வட்டமா ஒரு மங்கல் கறை, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வச்ச இடம். கறுப்பு பெயின்ட் போன ஒரு சைக்கிள்னுதான் நாங்க பார்த்தோம். அதுல எங்க குடும்பமே உக்காந்திருந்தது!

டெல்லி மெஹ்ரோலியில இருக்கிற இரும்புத் தூண் ஞாபகம் வந்தது. சுமார் 1,600 வருஷப் பழசு. அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம்; அதனால மேல ஒரு மெல்லிய படலம் உருவாகி, துரு உள்ளே போகாம காக்குது. தூணுக்கு முதுகைக் காட்டி நின்னு ரெண்டு கையாலயும் கட்டிப்பிடிச்சா அதிர்ஷ்டம்னு ஜனங்க நம்பினாங்க. கட்டிப்பிடிச்சுக் கட்டிப்பிடிச்சு, அந்த உயரத்துல மட்டும் தூண் வழவழன்னு ஆயிடுச்சு. 1997-ல சுத்தி வேலியே போட வேண்டியதாச்சு. அவ்வளவு தூரம் வேண்டாம், நம்ம கோயில் உண்டியலோட வாயைப் பாருங்க. காசு போடுற விரல் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் மின்னும். காத்தும் மழையும் கறுக்க வைக்குது, கையும் காலும் மினுக்க வைக்குது. பழைய சாமான்ல இந்த ரெண்டும் இருக்கும். நாங்க முதல் பாதியை மட்டும் பண்ணிட்டு பெருமைப்பட்டுக்கிட்டிருந்தோம்.

மறுபடியும் வேலையில இறங்கினோம். தாத்தா திண்ணையில உக்காந்து டைரக்‌ஷன்! பெல் மூடி கறுப்பாவே இருக்கட்டும், கட்டை விரல் படுற லீவர் மட்டும் மின்னணும். செயின் கவர்ல கால் சட்டை உரசுற மேல் விளிம்பு மட்டும் தேயணும், கீழே வேண்டாம். கேரியர்ல ரெண்டு கம்பி, ஒரு கொக்கி. மட்கார்டு கம்பியில சேறு தெறிக்கிற கீழ்ப்பாதியில மட்டும் துரு. முடிச்சு மாட்டிட்டு நாலடி தள்ளி நின்னு பார்த்தா, எது புதுசுன்னு எனக்கே தெரியலை.

செயின் மட்டும் புதுசு. ஆசிட் படாதது. பாய் கையால மாட்டினது.

"ஒரிஜினலா தம்பி?"

கதை இங்கே முடிஞ்சிருந்தா சந்தோஷம். தையல் பிரிச்சதும் தம்பி சைக்கிளை எடுத்துக்கிட்டு கிரிவலப் பாதையில ஒரு ரவுண்டு கிளம்பினான். பதினாலு கிலோமீட்டர். நான் பின்னாடி ஸ்கூட்டர்ல, செயின் மேலயே கண்ணு வச்சுக்கிட்டு!

டீக்கடையில நிறுத்தினப்ப, கார்ல வந்த ஒருத்தர் சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். பழைய சாமான் சேக்கிறவராம். பெல்லைத் தொட்டு, "ஒரிஜினலா தம்பி? அந்தக் காலத்துதா?"ன்னு கேட்டுட்டு, பெல்லுக்கு மட்டும் ஒரு விலை சொன்னார். புது பெல் இருபது வாங்கலாம். தம்பி என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

சுவாமிமலை ஸ்தபதிகளை நினைச்சுக்கோங்க. புதுசா வார்த்த வெண்கலச் சிலைக்கு 'ஆன்டிக் ஃபினிஷ்' கொடுக்கிறாங்க. அதைச் சொல்லியேதான் விக்கிறாங்க. அது கலை. அதே சிலையை 'சோழர் காலத்துது'ன்னு சொல்லித் தலையில கட்டினா அது மோசடி. நம்ம நாட்டுல நூறு வருஷத்துக்கு மேல ஆன சிலைக்கு 1972-ல வந்த தொல்பொருள் சட்டமே இருக்கு. வயசுங்கிறது அவ்வளவு பெரிய விஷயம். பெல் சின்ன விஷயம்தான். ஆனா பொய் ஒரே சைஸ்தானே?

அஞ்சு செகண்ட் இருக்கும். தம்பி சொன்னான்: "இல்ல சார். பெல் போன மாசம் வாங்கினது. நாங்கதான் வயசு ஏத்தினோம். சைக்கிள் மட்டும்தான் எங்க தாத்தாவோடது."

அவர் சிரிச்சுட்டு, "எப்படி ஏத்தினீங்க?"ன்னு கேட்டார். முட்டைக் கதையைச் சொன்னான். நம்பவே இல்லை மனுஷன். டீக்குக் காசு அவரே கொடுத்துட்டுப் போயிட்டார். இருபது பெல் போச்சு, ரெண்டு டீ மிச்சம்!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். தாத்தா மெதுவா எழுந்து வந்து, நாங்க மினுக்கி விட்ட அந்த லீவர் மேல கட்டை விரலை வச்சு அழுத்தினார். டிரிங்... டிரிங்! உள்ளே இருந்து பாட்டி, "வந்துட்டாரு போல"ன்னு எழுந்து வந்து, வாசல்ல தாத்தாவைப் பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் போனாங்க.

உங்க வீட்டுக் கொல்லையிலயும் ஒரு ஹெர்குலிஸோ அட்லஸோ சாஞ்சுக்கிட்டு இருக்கும். பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த உங்க சைக்கிளாகக்கூட இருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை அதைத் துடைச்சு வெளிய எடுங்க. உப்புத்தாளைத் தொடுறதுக்கு முன்னாடி, அதை ஓட்டினவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு, எது எங்கே ஏன் தேஞ்சதுன்னு கேளுங்க. அப்புறம் எனக்கும் எழுதுங்க.

அப்படியே, தம்பியோ தங்கச்சியோ காலை ஏழு மணிக்கு போன் பண்ணினா, தூங்காம பதில் சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்!

அடுத்த வாரம் பார்ப்போமா?